பின்சக்கரத்தைப் பார்த்தபடி

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் அவர் சைக்கிள் வாங்கிவிட்டார். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைச் சூடுகாட்டி, வந்தவர் முகத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி கழற்றி வளைத்து என்று பொறுமையாக வேலை பார்க்கிற மனிதர். ஆனால் தனக்கென்று ஒன்றைத் தொட்டுவிட்டால் அரைகுறையாக விடத் தெரியாது. சைக்கிளுக்குப் பின்னால் ஹெல்மெட் வந்தது. ஹெல்மெட்டுக்குப் பின்னால் உடம்போடு ஒட்டிய கால்சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல்நாள் வாசலைத் தாண்டியபோது எதிர்வீட்டு நாய்கூடக் குரைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்ததாக, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போது கூடுகிற ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர்தான் அதற்குத் தலைவர். எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. சாப்பாட்டு மேசையில் கடைப் பேச்சு நின்றுபோய், பல்சக்கரமும் டயரும் காற்றழுத்தமுமே பேச்சாயிற்று. கல்லூரி விடுதியிலிருந்து பேசிய மகள், "அம்மா, அப்பாகிட்ட சாப்டீங்களான்னு கேட்டேன். அவர் அரைமணி நேரம் செயினுக்கு எண்ணெய் போடறதப் பத்திச் சொன்னாரு" என்று சிரித்தாள்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை. நாள் முழுவதும் திரை போட்ட அறை. ஒருவர் பின் ஒருவராக வந்து படுப்பார்கள். வயிற்றில் ஜெல்லைத் தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று சொல்லிக்கொண்டே திரையில் அளவு எடுப்பாள். சாயங்காலம் வெளியே வரும்போது தெருவெளிச்சத்தில் கண் கூசும்.

"நீயும் வாயேன். இப்படியே இருட்டுல உக்காந்திருந்தா என்ன ஆகறது?" என்றார் ஒருநாள். கேப்டனின் மருமகள் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த சைக்கிளை வாங்கி, இருக்கையை இறக்கி, பிரேக் கம்பியை மாற்றி, அவளுக்காகத் தயார் செய்தார். எந்த மேட்டுக்கு எந்த கியர், வளைவில் எங்கே பார்க்க வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அதில் பெரிய பாடம் ஒன்று.

"என் பின்சக்கரத்தை விட்டு விலகாத. காத்தையெல்லாம் நான் வாங்கிக்கறேன். நீ சும்மா ஒட்டிக்கிட்டு வா, போதும்."

அவள் ஒட்டிக்கொண்டு போனாள். முதல் சில வாரங்கள் அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு ஒரு ஞாயிறு, அணைக்குப் போகும் சாலை மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது, தன் விரல்கள் செய்கிற காரியத்தை அவளே கவனித்தாள். பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டிருந்தன. இறக்கத்தில் பிரேக் பிடிக்காதவர்கள் இல்லை. மேட்டில் யாராவது பிடிப்பார்களா? அழுத்தாவிட்டால் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் போய் இடித்துவிடும் போலிருந்தது. கொஞ்சம் விலகி ஓட்டினால் அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்பது அப்போது அவள் மனதில் உதிக்கவே இல்லை. கூட நடப்பவருக்குத் தகுந்தபடி நடையைக் குறைத்துக்கொள்வது போலத்தான் அது இருந்தது. மேலே போய் இறங்கியதும், "அப்பாடி, உயிரே போயிடுச்சு" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "பரவால்ல, நல்லா வர. பழகிடும்" என்று முதுகில் தட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உயிர் போனது.

"நான்தான் இழுத்துட்டு வரேன்" என்று கேப்டனிடம் அவர் பெருமையாகச் சொல்வார். அவளும் தலையாட்டுவாள்.

வருடத்துக்கு ஒருமுறை மலைச்சாலையில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கும். போட்டி என்று சொல்லமாட்டார்கள், பரிசு கிடையாது. ஆனால் எல்லோருக்கும் எண் உண்டு, போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறிப்பார்கள், கணவாய்க்குக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போகாதவர்களைப் பின்னால் வரும் வேன் ஏற்றிக்கொள்ளும். நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். டவுனிலிருந்து கிளம்பி, ஆற்றோரமாகப் போய், பாலம் தாண்டியதும் மலை ஏறி, கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்கி, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த வருடம் இருவர் பெயரையும் அவர் பதிந்துவிட்டார்.

கிளம்புகிற இடம் ஒரு பெரிய வாகன நிறுத்தம். தைலவாசனை மூக்கைத் துளைத்தது. கழிப்பறைக்கு நீண்ட வரிசை. எண் எழுதிய துணியை அவர் அவள் முதுகில் ஊக்கால் குத்திவிட்டார். கோணலாக இருக்கிறதென்று கழற்றி மறுபடி குத்தினார்.

"யாராவது தாண்டிப் போனாப் போகட்டும். பதறக்கூடாது. நம்ம வேகம் நம்ம வேகம். புரியுதா?"

"சரிங்க."

ஆற்றோரத்தில் எதிர்க்காற்று. அவர் குனிந்து, தோளை ஒடுக்கி, விடாமல் மிதித்தார். அந்தக் காற்றை அவர்தான் வாங்கினார், அதில் பொய்யில்லை. பாலம் தாண்டிச் சாலை மேலே திரும்பியபோதே அவர் கழுத்து சிவந்திருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைக்கு மேலே தெரிந்தன. மேல் வளைவில் போகிறவர்களின் பேச்சு கீழே கேட்டது. அவள் வழக்கம்போல அவருடைய பின்சக்கரத்தைப் பார்த்தபடி வந்தாள். அது நேராகப் போகாமல் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தது. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் இரண்டு பாட்டிலைக் காலி செய்தார். வழியில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது கேலியாகச் சொல்லுவார்; அன்று சொல்லவில்லை.

இன்னும் சில வளைவுகள் போனதும் திடீரென்று "ஆ" என்றார். சைக்கிளோடு ஓரமாகச் சாய்ந்து, ஒரு காலில் நின்றார். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அவரைக் கைப்பிடிச்சுவரில் உட்காரவைத்து, மண்டியிட்டு, அவள் காலை நீவினாள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் "ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

"நீ போ" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். விருந்துக்குக் கிளம்பும்போது "நீ போ, நான் வரேன்" என்றால் காத்திரு என்று அர்த்தம். துணிக்கடையில் "நீ போய்ப் பாரு" என்றால் சீக்கிரம் முடி என்று அர்த்தம். ஜுரத்தில் படுத்துக்கொண்டு "நீ போய்த் தூங்கு" என்றால் பக்கத்திலேயே இரு என்று அர்த்தம். போ என்று அவர் சொல்லி அவள் ஒருநாளும் போனதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்னப்பா, எஞ்சின் நின்னு போச்சா?" என்றவர், அவளைப் பார்த்து, "அவங்களையாவது விடுய்யா. நேரம் தாண்டிடப் போகுது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

"சொல்றேன்ல? போன்னா போயேன். சரியானதும் நான் பின்னாடியே வரேன்."

அவர் அவளைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். இந்த முறை அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஏறி மிதித்துவிட்டாள். ஏன் போனோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். கோபம் எதுவும் இல்லை. அவரை விட்டுவிட்டு ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. கால்கள் போக விரும்பின. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பதில்.

முன்னால் பார்ப்பதற்குச் சக்கரம் இல்லை. முதல் வளைவு வரைக்கும் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அப்புறம்தான் சாலையைப் பார்த்தாள். ஓரத்தில் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து தாரில் கோடாக ஓடியது. கீழே ஆறு நூலாகக் கிடந்தது. மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்தாள். அது அவளுடையதுதான். வேலையில் ஒருநாளைக்கு எத்தனையோ பேரின் மூச்சை நிறுத்தி ஓடவிடுகிறவள், தன்னுடையதை இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதில்லை. விரல்கள் பிரேக்கில் இல்லை. ஒரு கியரைக் கூட்டினாள். தாங்கியது. இன்னொன்றைக் கூட்டினாள்.

நாலைந்து பேரைத் தாண்டினாள். பிறகு கேப்டனையும். "ஏம்மா... ஏம்மா, மெதுவா!" என்ற குரல் பின்னால் தேய்ந்தது.

மேல் வளைவொன்றில், தோள் அகன்ற ஒரு பெண் ஆடாமல் அசையாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் திரும்பிச் சிரித்தாள்.

"என்ன, பாட்டுப் பாடிக்கிட்டே ஏறறீங்க?"

"நானா?"

"பின்ன யாரு? ரெண்டு வளைவாக் கேட்டுக்கிட்டு வரேன்."

டவுன் பஸ் ஓட்டுகிறாளாம் அவள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற முதுகுக்கு இதுதான் மருந்து என்றாள். "யாரோட வந்தீங்க?"

"வீட்டுக்காரரோட."

"எங்க அவரு?"

"பின்னாடி வராரு."

"எங்க வீட்டுக்காரர் இன்னும் பின்னாடி. வீட்டுல தூங்கிட்டிருக்காரு" என்றாள் பஸ்காரி. இருவரும் சிரித்ததில் மூச்சு தப்பி, சைக்கிள் இரண்டும் தள்ளாடின.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. துணிப் பதாகை படபடவென்று அடித்துக்கொண்டது. யாரோ காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். காலைக் கீழே வைத்து நின்றாள். உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம், காரணம் கேட்காத சந்தோஷம். அதைச் சொல்லுவதற்காக வலப்பக்கம் திரும்பினாள். அங்கே அவர் இல்லை.

"இறங்கலாமா? மறுபக்கம் ரோடு அருமையா இருக்கும்" என்றாள் பஸ்காரி.

"அவர் வரட்டும். நீங்க போங்க."

பஸ்காரி ஒருகணம் பார்த்தாள். தன் போன் நம்பரை அவள் போனில் பதிந்துகொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் காத்திருந்தாள். கேப்டன் வந்தார், தேநீர் குடித்தார், "உன்கிட்ட இவ்ளோ இருக்குன்னு அவன் சொல்லவே இல்லையேம்மா" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். போனில் சிக்னல் இல்லை. வேர்வை குளிர்ந்து, பிறகு காய்ந்தது. வந்தவர்கள் குறைந்தார்கள். கடைசியில், சைக்கிள்களைக் கூரையில் அடுக்கிக்கொண்டு வேன் வந்தது. ஓடிப்போய் உள்ளே பார்த்தாள். போர்வைக்குள் நாலு முகம். அவர் இல்லை.

"கண்ணாடி போட்ட ஒருத்தர்தானே?" என்றார் வேன் ஓட்டுநர். "கீழ தள்ளிக்கிட்டு வராரு. ஏறுங்க சார்னு கெஞ்சியாச்சு. மேல எங்க வீட்டுக்காரம்மா நிப்பாங்க, அவங்க முன்னாடி வண்டிலேருந்து இறங்கமாட்டேன்னு பிடிவாதம். விட்டுட்டு எப்படிப் போறது, இங்கயே நிக்கறேன்."

பதாகையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கடைசி வளைவில் தெரிந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவள் தண்ணீர்ப் பாட்டிலோடு எதிரே போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நிம்மதியோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. கணக்குப் போடுகிற முகம் அது.

"எப்ப வந்த?"

"இப்பதாங்க. கொஞ்ச நேரம்தான் ஆச்சு."

தினமும் மனிதர்களின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்ப்பவர் அவர். அவளுடைய கன்னத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"சட்டை காஞ்சிருக்கு" என்றார்.

பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுச் சைக்கிளை வேன் பக்கம் தள்ளினார். வேனில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் கூரைமேல் சைக்கிள்கள் கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அந்த மௌனத்தைத் தாங்கியிருக்க முடியாது.

வீட்டில் சில நாள் மரியாதை தாண்டவமாடியது. "டம்ளரை எடுத்துக்கட்டுமா?" "எடுத்துக்கங்க." "லைட்டை அணைக்கட்டுமா?" "அணைச்சிடுங்க." சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. விட்டுவிட்டுப் போனதுதான் அவரைப் புண்படுத்திவிட்டது என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம், கடையை மூடிவிட்டு வந்தவர், கைகால் கழுவாமல் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அணை ரோட்டு மேட்டுல, அப்பவே உன்னால என்னைத் தாண்ட முடிஞ்சிருக்கும். இல்ல?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "பிரேக் பிடிச்சேன்" என்றாள்.

"மேட்டுலயா?"

"மேட்டுலதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "நான் இழுத்துட்டு வரேன்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தேனே."

"காத்தை நீங்கதானே வாங்குனீங்க."

"ஆறுதல் சொல்லாத. அதான் வேணாங்கறேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நீ விட்டுட்டுப் போனதுல எனக்கு ஒண்ணும் இல்ல. போன்னு நான்தான் சொன்னேன். நடந்து வரும்போது கால் வலிச்சுது, அதுகூடப் பெருசில்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையா நெனச்சுப் பார்த்துக்கிட்டே வந்தேன். உயிர் போச்சு, உயிர் போச்சும்ப. அதெல்லாம் எனக்காக நடிச்சது, இல்லையா? சின்னப் பையனோட ஓடும்போது வேணும்னே தோத்துப் போவோமே, அந்த மாதிரி."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"வேற எதுல எல்லாம் பிரேக் பிடிச்சிட்டு வர?"

"ஒண்ணுமில்லீங்க" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு, அதுவே இன்னொரு பிரேக் என்று தோன்றியது. எதிரே உட்கார்ந்தாள்.

"போன வருஷம், வயித்துல இருக்கற குழந்தையோட இதயத்தை ஸ்கேன் எடுக்கற பயிற்சிக்கு என்னை அனுப்பறேன்னாங்க. வெளியூர்ல, ஆறு மாசம். திரும்பி வந்தா அந்தப் பிரிவையே நான்தான் பார்த்துக்கணும். வீட்டுல வசதிப்படாதுன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"இல்ல."

"வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

"போன்னுதான் சொல்லியிருப்பீங்க. முகத்துல ஒண்ணும் காட்டாம சொல்லியிருப்பீங்க. அப்புறம் ஆறு மாசம் தனியா சாப்டுவீங்க. அதை நெனைக்க எனக்குத் தெம்பில்ல."

"என் முகத்தை நீயே பார்த்து, நீயே படிச்சு, நீயே தீர்ப்பும் சொல்லிட்ட" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. அதனால்தான் அது உள்ளே போயிற்று. "அவ்வளவு நோஞ்சானா நான்?"

அவர் எழுந்து கைகால் கழுவப் போனார். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தாள். அன்பும் இருந்தது. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்று அடிப்பதில்லை. அந்தச் சௌகரியமும் இருந்தது. வெளியூர், புது மனிதர்கள், பயிற்சியில் தேறாமல் போனால் என்ன சொல்வார்கள் என்கிற பயம் – இதையெல்லாம் எடுத்துப் பார்க்காமல் இருக்க அவருடைய தனிச்சாப்பாடு வசதியான காரணமாகிவிட்டிருந்தது. அவரைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் தானும் ஒளிந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். அதையும் அவரிடம் சொன்னாள், சாப்பிட்டு முடித்த பிறகு, மெதுவாக. அவர் கேட்டுக்கொண்டார். "இப்பவாவது போய்க் கேளு" என்று மட்டும் சொன்னார்.

கேட்டாள். அந்த இடத்துக்கு அவளைவிட இளைய ஒரு பெண்ணை அனுப்பியாகிவிட்டது. "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார் தலைமை டாக்டர். அது வாக்குறுதியா, வழியனுப்புகிற பேச்சா என்று தெரியவில்லை. போன வாய்ப்பு போனதுதான். ஆனாலும், கூப்பிட்டால் வருகிறேன் என்று இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. அவள் பஸ்காரியின் கூட்டத்தோடு போகத் தொடங்கினாள். வேகமான கூட்டம், முதல் இரண்டு வாரம் அவளுக்கு நிஜமாகவே உயிர் போனது. அவர் கேப்டனோடு போனார். பின்னால் ஆளை இழுக்கிற பொறுப்பு இல்லாததால், நினைத்த இடத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்க முடிகிறது என்று ஒருநாள் ஒத்துக்கொண்டார். எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில ஞாயிறுகளில் அவள் வீடு திரும்பும்போது அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே மாட்டார். சில நாள், பக்கத்தில் அவர் இல்லாமல் போன தூரம் அவளுக்கும் நீளமாக இருக்கும்.

மழை விட்ட ஒரு காலை, அவள் வந்தபோது அவர் பால்கனியில் தன் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுப் பழைய துணியால் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எங்க?"

"கோபுர மேடு வரைக்கும்."

"யாரு முதல்ல போனது?"

"நான்தான்."

பஸ்காரம்மாவுக்கு நேத்து நைட் டியூட்டி, சரியாத் தூங்கல, அதான் நான் முந்திட்டேன் – என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் தண்ணீரைக் குடித்தாள். அவர் துணியைத் திருப்பிப் பிடித்து, இன்னும் இரண்டு சுற்று செயினை ஓட்டினார். பிறகு, "ம்" என்றார். அந்த 'ம்'மில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலணியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.